பிக் பென் மணியும் 'எக்ஸ்ட்ரா' வேலையும்

2020 ஜனவரி 31 இரவு 11 மணிக்கு பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியது. அதுக்கு முந்தின இரண்டு மூன்று கிழமையும் லண்டனில் பெரிய வாக்குவாதம் போனது ஒரு மணியைப் பற்றி. அந்த நேரத்துக்கு பிக் பென் 11 தரம் அடிக்குமா, அடிக்காதா?

வழமையான நாளெண்டால் இது கேள்வியே இல்லை. ஆனால் 2017 ஓகஸ்டில் இருந்து மணி மௌனமாக இருந்தது. மணி தொங்குகிற எலிசபெத் கோபுரம் முழுக்கத் திருத்த வேலையில் இருந்தது. (2012 வரைக்கும் அதின்ர பெயர் வெறும் மணிக்கூட்டுக் கோபுரம்தான், பிக் பென் எண்டது உள்ளே இருக்கிற 13.7 தொன் மணியின் செல்லப்பெயர்.) மணிக்கூடு கழற்றப்பட்டிருந்தது, மணிக்கூண்டின் தளமும் எடுக்கப்பட்டிருந்தது. ஒரே ஒரு இரவுக்காக மணியை அடிக்க வைக்கவேணுமெண்டால் தற்காலிகத் தளம் போடவேணும், அடிக்கிற பொறியைப் பூட்டிப் பரிசோதிக்கவேணும், பிறகு எல்லாத்தையும் திரும்பக் கழற்றவேணும். அந்த நாட்களில் மற்ற வேலை நிற்கும். வேலை நிற்கிற ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு இலட்சம் பவுண்ஸ் வரை போகும். மொத்தமாக 5 இலட்சம் பவுண்ஸ் வரை ஆகும் எண்டு பாராளுமன்றத்தின் கீழ்ச்சபை ஆணைக்குழு கணக்குச் சொன்னது. 11 ஆல் பிரித்துப் பார்த்தால் ஒரு அடிக்கு 45,000 பவுண்ஸ்.

பிரதமர் பொரிஸ் ஜோன்சன் தொலைக்காட்சியில் வந்து, பொதுமக்கள் காசு சேர்த்துத் தரலாம் எண்ட மாதிரிப் பேசினார். உண்மையிலேயே சனம் சேர்த்தது, 2 இலட்சத்து 70 ஆயிரத்துக்கு மேலே. ஆணைக்குழு அசையவில்லை. கடைசியில் அந்தக் காசு காயப்பட்ட படைவீரருக்கான ஒரு தொண்டு நிறுவனத்துக்குப் போனது. 31 ஆம் திகதி இரவு பிரதமரின் வாசஸ்தலத்தில் பதிவுசெய்யப்பட்ட மணியோசைதான் ஒலித்தது.

இதுக்கு இரண்டு கிழமைக்குள், பெப்ரவரி 13 ஆம் திகதி, இன்னொரு அறிவிப்பு வந்தது. அதே கோபுர வேலைக்கு மேலதிகமாக 18.6 மில்லியன் பவுண்ஸ் தேவை. முறுமுறுத்துக்கொண்டுதான், ஆனால் அந்தக் காசு கொடுபட்டது.

அரை மில்லியனுக்கு மாட்டேன் எண்ட இடம் 18.6 மில்லியனுக்கு ஓம் எண்டது. மேலோட்டமாகப் பார்த்தால் பைத்தியக்காரத்தனம் மாதிரித் தெரியும். என்னைப் பொறுத்தவரை இரண்டும் சரியான முடிவுகள். ஏன் எண்டு விளங்க, கட்டட வேலையில் 'வேரியேசன்' எண்டு சொல்லப்படுகிற சாமானைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கவேணும். எங்கட சைற்றுகளில் மேசன்மார் தொடக்கம் என்ஜினியர் வரை 'எக்ஸ்ட்ரா' எண்டு சொல்லுவினம், அதேதான்.

ஒப்பந்தம் எண்டது ஒரு படத்துக்கும் ஒரு விலைக்கும் இடையில் நடக்கிற கலியாணம். படத்தில் இருப்பதை இந்த விலைக்குச் செய்துதாறன் எண்டு ஒப்பந்தகாரர் கையெழுத்து வைக்கிறார். புதுக்கட்டடம் எண்டால் படம் ஓரளவு முழுமையானது. மண்ணுக்குக் கீழே மட்டும்தான் இருட்டு. பழைய கட்டடத்தைத் திருத்தும்போது ஒவ்வொரு சுவருக்கும் பின்னாலே இருட்டு. சாந்தைத் தட்டினால் உள்ளே கல் உக்கியிருக்கும். சீலிங்கைக் கழற்றினால் கறையான். அந்தக் கணத்தில் ஒப்பந்தகாரர் கையை உயர்த்துகிறார், "சேர், இது பி.ஓ.கியூவில் இல்லை." அவர் சொல்வது உண்மையும்கூட.

ஆனால் எல்லா எக்ஸ்ட்ராவும் சுவருக்குள்ளே இருந்து வருவதில்லை. கட்டடத்தின் சொந்தக்காரர், அதிகாரி, மந்திரி, அங்கே இருந்து வேலை செய்யப்போகிறவர் எண்டு ஆளாளுக்கு நடுவில் வந்து "இந்தக் கதவை இஞ்சால வைத்தால் நல்லம்" எண்டு சொல்வதால் வருவது இன்னொரு வகை. பிரெக்சிற் மணி அந்த வகை. சுவர் கேட்கவில்லை, ஒரு ஆசை கேட்டது. அதுக்கு இல்லை எண்டு சொல்லலாம், கோபுரம் விழாது. கல்நாருக்கும் உக்கின கல்லுக்கும் இல்லை எண்டு சொல்ல ஏலாது.

மூன்றாவது வகையும் ஒன்று இருக்கு, அதைப் பற்றி ஒருத்தரும் வெளியில் கதைக்கிறேல்லை. ஒப்பந்தகாரர் கேள்விப்பத்திரம் போடும்போதே தயாரித்து வைத்திருக்கிற எக்ஸ்ட்ரா. அனுபவசாலி இடத்தை வந்து பார்ப்பார். பி.ஓ.கியூவில் அத்திவாரம் வெட்டுவது 50 கன மீற்றர் எண்டு போட்டிருக்கும். இது 150 போகும் எண்டு அவருக்குத் தெரியும். அந்த ஒரு வரிக்கு மட்டும் விலையை உயர்த்திப் போட்டு, குறையப்போகிற அல்லது நடக்காமலே போகப்போகிற வரிகளுக்கு அடிமட்ட விலை போடுவார். கூட்டினால் அவர்தான் ஆகக் குறைந்த விலை. வேலை அவருக்கு. ஆறு மாதம் கழித்து 150 கன மீற்றருக்கும் அந்த உயர்ந்த விலையில் பில் வரும். இதில் சட்டமீறல் எண்டு ஒண்டும் இல்லை. இதைத் தடுக்கத்தான் அளவு ஒரு எல்லைக்கு மேலே மாறினால் விலையைத் திரும்பப் பேசலாம் எண்டு ஒப்பந்த விதிகளில் எழுதிவைக்கிறார்கள்.

சரி, கோபுரத்துக்கு வருவம். 2016 இல் திருத்த வேலை அறிவிக்கப்பட்டபோது சொன்ன தொகை 29 மில்லியன் பவுண்ஸ். 2017 செப்ரெம்பரில், சாரக்கட்டு கோபுரத்தைச் சுற்றி ஏறிக்கொண்டிருந்த நேரம், அது 61.1 மில்லியன் எண்டு திருத்தப்பட்டது. ஒன்றரை வருசத்துக்குள் இரண்டு மடங்குக்கு மேல். 2020 இல் 79.7 மில்லியன். 2022 இல் வேலை முடிந்தபோதும் கணக்கு ஏறக்குறைய 80 தான்.

பத்திரிகைகள் 29, 61, 80 எண்ட மூன்று எண்களையும் ஒரே கோட்டில் வைத்து ஏறுமுகமாகக் காட்டின. ஆனால் இரண்டு ஏற்றமும் ஒரே மாதிரி இல்லை. முதல் ஏற்றம் 32 மில்லியன், இரண்டாவது 18.6. பெரியது முதலாவதுதான், அதுவும் வேலை சரியாகத் தொடங்க முதலே வந்தது. அதில் ஒப்பந்தகாரரின் பங்கு எண்டு சொல்ல அதிகம் இல்லை. ஆரம்ப மதிப்பீடு போதுமான ஆய்வு இல்லாமல் போடப்பட்டது, இவ்வளவு ஒடுக்கமான, தனித்துவமான கட்டடத்தில் வரக்கூடிய ஆபத்துகளுக்குப் போதிய காசு ஒதுக்கப்படவில்லை எண்டது பாராளுமன்றத் தரப்பே ஒப்புக்கொண்ட விடயம். என்ரை அபிப்பிராயத்தில் 29 எண்டது மதிப்பீடு இல்லை, அனுமதி எடுக்கிறதுக்கான விலை. அந்த எண்ணைச் சொன்ன நாளிலேயே எக்ஸ்ட்ரா பிறந்துவிட்டது. கேட்க ஆள் மட்டும் இன்னும் வரவில்லை.

இரண்டாவது ஏற்றம்தான் உண்மையான சுவருக்குப் பின்னாலான கதை. சாரக்கட்டில் ஏறி, கூரையின் வார்ப்பிரும்புத் துண்டுகளை ஆயிரக்கணக்கில் கழற்றிக் கல்லைக் கிட்ட நின்று பார்த்தபோதுதான் எல்லாம் வெளித்தது. 1941 மே மாதக் குண்டுவீச்சில் கீழ்ச்சபை மண்டபம் தரைமட்டமானது எல்லாருக்கும் தெரியும்; கோபுரம் தப்பியது எண்டுதான் நினைத்திருந்தார்கள். அதுக்குப் பட்ட அடி நினைத்ததை விடப் பெரிது எண்டு தெரிந்தது 80 வருசம் கழித்து. மணிக்கூண்டில் கல்நார். பழைய பெயின்ற்றில் ஈயம், அதுவும் பரவலாக. முகப்புக் கண்ணாடிகளில் வெடிப்பு. லண்டன் புகை அரித்த கல். அதோட முந்தைய திருத்தங்கள் விட்டுவைத்த பிழைகளும். ஒரு திருத்தவேலையின் அரைகுறை அடுத்த திருத்தவேலையின் எக்ஸ்ட்ராவாக வரும், இது எந்த நாட்டிலும் மாறாத விதி.

எனக்குப் பிடித்தது இந்த எக்ஸ்ட்ரா கையாளப்பட்ட விதம். தொகை, காரணம், யார் அனுமதிக்கவேணும் எண்ட மூன்றும் பகிரங்கமாகச் சொல்லப்பட்டன. இரண்டு சபைகளின் ஆணைக்குழுக்களும் எரிச்சலோட கேள்வி கேட்டன. இப்பிடித் திரும்பத் திரும்ப வந்து நிற்பது ஏன் எண்ட கேள்வி பதிவில் இருக்கு. சைற்றில் நின்று "சரி, செய்யுங்கோ, பிறகு பாப்பம்" எண்டு ஒருத்தர் வாயால் சொல்லி முடிந்த விடயம் இல்லை.

அதே கட்டடத்தில் 180 வருசத்துக்கு முதல் நடந்ததைப் பார்த்தால்தான் இந்த எழுத்துப் பழக்கம் எவ்வளவு அடிபட்டு வந்தது எண்டு விளங்கும். 1834 ஒக்டோபர் 16 ஆம் திகதி பழைய வெஸ்ற்மின்ஸ்ரர் மாளிகை எரிந்தது. கணக்கு வைக்கப் பாவித்த பழைய மரக்குச்சிகளை அடுப்பில் போட்டு எரிக்கப்போய் மாளிகையே போனது. புதுக் கட்டடத்துக்கு நடந்த போட்டியில் 97 பேர் படம் கொடுத்தார்கள். வென்றவர் சார்ள்ஸ் பரி. அவரது கணக்கு: ஏறக்குறைய 7 இலட்சம் பவுண்ஸ், 6 வருசம். ஆனது: 20 இலட்சத்துக்கு மேலே, ஏறத்தாழ 30 வருசம். முழுதும் முடிவதற்குள் 1860 இல் பரி செத்துப்போனார்.

பரியின் வில்லன் ஒப்பந்தகாரர் இல்லை. ஒரு வைத்தியர். டேவிட் பொஸ்வெல் ரீட் எண்டவர் காற்றோட்ட நிபுணராகப் பாராளுமன்றத்தாலேயே 1840 இல் நியமிக்கப்பட்டார். அத்திவாரக் கல் வைத்த அதே வருசம். படம் முடிந்து, வேலை தொடங்கின பிறகு, கட்டடம் முழுக்கக் காற்றுக் குழாய்கள் ஓடவேணும் எண்டார். கெட்ட காற்று வெளியேற நடுவிலே ஒரு கோபுரம் வேணும் எண்டார். முதல் படத்தில் இல்லாத நடுக்கோபுரம் இண்டைக்கும் வெஸ்ற்மின்ஸ்ரரில் நிற்கிறதுக்குக் காரணம் இந்த மாற்றக் கோரிக்கைதான். ரீட்டின் தேவைகள் மாறிக்கொண்டே இருந்தன, முறையான படம் வரவில்லை, பரி கோபத்தில் கொதித்தார். ஒரு கட்டத்தில் இரண்டுபேரும் நேரே கதைப்பதை விட்டுவிட்டு எழுத்தில் மட்டும் பேசிக்கொண்டார்கள். சண்டையால் வந்த பழக்கம்தான், ஆனாலும் பிற்கால ஆராய்ச்சியாளருக்கு இது பெரிய வரம்! 1852 இல் ரீட் வெளியேற்றப்பட்டார். நடுக்கோபுரம் மட்டும் நிலைத்தது.

பரியும் சுத்தவாளி இல்லை. தன் படத்தைத் தானே இடையிடையே மாற்றிக்கொண்டிருந்தார், பெரும்பாலும் முன்கூட்டிய அனுமதி எடுக்காமல். 1844 இல் மேல்சபையின் குழு ஒன்று இதைத் துருவியது. 1848 இல் வேலையை மேற்பார்வை செய்யத் தனியாக ஒரு ஆணைக்குழுவையே போட்டார்கள். இன்னொரு பக்கம், அவருக்கு வழமையான வீதாசாரக் கட்டணத்துக்குப் பதிலாக 25,000 பவுண்ஸ் மொத்தத்தொகை எண்டு அரசாங்கம் தீர்மானித்திருந்தது. வேலை மூன்று மடங்காகப் பெருத்தாலும் கட்டணம் அப்பிடியே நிற்கும். இதைப் பற்றிய இழுபறி வருசக்கணக்காகப் போனது. கட்டடக்கலைஞருக்கு வீதாசாரம் கொடுத்தால் செலவு கூடக் கூட அவருக்கு லாபம். மொத்தத்தொகை கொடுத்தால் மாற்றம் வர வர அவருக்கு நட்டம். இந்த முடிச்சு இண்டைக்கும் முழுசாக அவிழவில்லை.

எல்லாத்திலும் பரிதாபமானது கீழ்ச்சபை மண்டபம். 1850 இல் உறுப்பினர்கள் வெள்ளோட்டமாக உள்ளே போய் இருந்து பார்த்தார்கள். ஒருத்தர் பேசுவது மற்றவருக்குக் கேட்கவில்லை. சீலிங்கைக் கீழே இறக்கு எண்டார்கள். இறக்கினால் பரி ரசித்து ரசித்து வைத்த ஜன்னல்களின் மேல்பகுதி மறைந்துபோகும். இறக்கினார்கள், மறைந்தது. அந்த மண்டபத்தைத் தன் வேலை எண்டு சொல்லவே பிறகு பரிக்கு மனம் வரவில்லை. பாவிக்கிறவனைக் கட்டி முடித்த பிறகு கேட்டால் வருகிற எக்ஸ்ட்ரா இது. பேசுகிறவர்கள் சொன்னது பிழையும் இல்லை. பாராளுமன்றத்தில் பேச்சுக் கேட்காவிட்டால் ஜன்னல் எதுக்கு?

தாமதம் எப்போதும் நட்டம்தான் எண்டும் இல்லை, ஒரு விதிவிலக்கு இருக்கு. கோபுரத்துக்கான மணிக்கூடு 1854 இலேயே தயார். கோபுரம் தயாரில்லை. ஐந்து வருசம் மணிக்கூடு பட்டறையில் கிடந்தது. அந்த நேரத்தில்தான் அதை வடிவமைத்த டெனிசன் ஊசலைக் காற்றும் பனியும் குழப்பாமல் காக்கிற புதுப் பொறியமைப்பைச் செய்து பூட்டினார். பிக் பென் துல்லியமாக ஓடிப் பெயரெடுத்தது அதால்தான். முகப்புக்குச் செய்த நிமிடமுட்கள் பாரம் கூடிச் சரிவராமல் போக, செப்புத் தகட்டில் திரும்பச் செய்தார்கள். 1859 இல் அடிக்கத் தொடங்கி இரண்டு மாதத்தில் மணி வெடித்தது. அதைக் கொஞ்சம் திருப்பி வைத்து, பாரம் குறைந்த சுத்தியலைப் போட்டார்கள். வெடிப்பு இண்டைக்கும் இருக்கு. அந்த வெடிப்புத்தான் உலகம் முழுக்கத் தெரிந்த அந்தச் சத்தம்.

யாழ்ப்பாணத்து மணிக்கூட்டுக் கோபுரமும் அந்தக் காலத்துப் பிள்ளைதான். 1875 இல் வேல்ஸ் இளவரசர் இலங்கைக்கு வந்ததன் ஞாபகமாகக் கட்டப்பட்டது. போருக்குப் பிறகு எங்கட பக்கம் திருத்தப்பட்ட பொதுக் கட்டடங்கள் எத்தனை: பள்ளிக்கூடம், வாசிகசாலை, ஆஸ்பத்திரி, சந்தை. வெளிநாட்டு நிதியில் நடந்த பெரிய வேலைகளில் பாவிக்கிற பிடிக் எண்ட சர்வதேச ஒப்பந்த விதிகளில் அழகான ஒரு ஏற்பாடு இருக்கு. 1999 ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, பொறியியலாளர் வாயால் ஒரு உத்தரவு சொன்னால், ஒப்பந்தகாரர் இரண்டு வேலைநாளுக்குள் அதை எழுத்தில் உறுதிப்படுத்தி அனுப்பலாம். அடுத்த இரண்டு வேலைநாளுக்குள் பொறியியலாளர் மறுக்காவிட்டால் அது எழுத்து மூல உத்தரவாகவே கணக்கு. அதேமாதிரி மேலதிக காசோ நாளோ வேணுமெண்டால், காரணம் தெரிந்து 28 நாளுக்குள் அறிவிக்கவேணும்; தவறினால் உரிமை போச்சு. இரண்டு பக்கத்துக்கும் கத்தி. அனுபவமுள்ள பெரிய கம்பனிகள் இதுக்கெண்டே ஒரு ஆளை வைத்திருக்கும். ஊர்ச் சின்ன ஒப்பந்தகாரர் இதை வாசிக்கிறதே இல்லை. அதிகாரி சொன்னார், செய்தேன், பிறகு அவர் மாற்றலாகிப் போய்விட்டார், பில்லைப் புது ஆள் ஏற்கிறார் இல்லை எண்டு அலைகிற ஆட்களை எந்த ஊரிலும் காணலாம். நாங்கள் எக்ஸ்ட்ரா எண்டவுடன் களவு எண்டு நினைக்கிறோம். பாதி நேரம் களவு போவது ஒப்பந்தகாரரின் காசு.

மற்றப் பாதியைப் பற்றியும் சொல்லவேணும். எங்கட மதிப்பீடுகளில் எதிர்பாராச் செலவுக்கெண்டு பத்து வீதம் போல ஒதுக்குவது வழக்கம். புதுக் கட்டடத்துக்கும் பத்து, நூறு வருசச் சுண்ணாம்புக் கட்டடத்துக்கும் பத்து! இதை யாராவது யோசித்துப் போட்ட எண் எண்டு நான் நம்பவில்லை. அந்தப் பத்தும் பெரும்பாலும் சுவருக்குப் போகாது. திறப்புவிழா நெருங்கும்போது வருகிற பெரியவரின் ஆசைக்கு, முகப்பு வளைவுக்கு, மாபிள் பதிச்ச பெயர்ப்பலகைக்குப் போகும். பிறகு கூரை ஒழுகும்போது ஒதுக்கீடு இல்லை எண்ட கடிதம் வரும். ஜனவரியில் அரை மில்லியனுக்கு மாட்டேன் எண்ட அந்த ஆணைக்குழுவில் எனக்கு மரியாதை வருவது இங்கேதான். பிரதமர் கேட்டார், சனம் காசோட வந்து நின்றது, தேசிய உணர்ச்சி வேற. இதெல்லாத்துக்கும் முன்னாலே, தளம் இல்லாத மணிக்கூண்டையும் ஒரு கிழமைத் தாமதத்தின் விலையையும் மட்டும் வைத்துக்கொண்டு முடியாது எண்டு சொல்ல ஒரு இடம் இருந்தது. 2017 இல் தெரேசா மே பிரதமராக இருந்தபோதும் இதேதான்: மணி நாலு வருசம் மௌனமாக இருப்பது சரியில்லை எண்டார் அவர். மணிக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்கிற ஆட்களின் காது போய்விடும் எண்டது மற்றப் பக்கத்து வாதம். காது வென்றது. புதுவருசம் மாதிரி விசேட நாட்களில் மட்டும் அடித்தார்கள்.

எல்லா மாற்றமும் செலவைப் பற்றியதும் இல்லை. முகப்புகளின் பழைய பெயின்ற் படைகளை ஆராய்ந்தபோது, நாங்கள் படங்களில் பார்த்துப் பழகின கறுப்பு முட்களும் இலக்கங்களும் ஆரம்பத்தில் கறுப்பே இல்லை, பிரஷ்ய நீலம் எண்டு தெரிந்தது. திரும்ப நீலமே அடித்தார்கள். 2022 நவம்பர் 13 ஆம் திகதி மணி நிரந்தரமாக அடிக்கத் தொடங்கியது.

இப்போது அவர்களுக்கு முன்னாலே இருப்பது மாளிகை முழுவதும். 2018 இல் இரண்டு சபைகளும் வெளியேறித் திருத்தவேணும் எண்டு வாக்களித்தார்கள். 2019 இல் அதுக்கெண்டு சட்டம் வந்தது. அந்தச் சட்டம் உண்டாக்கின மேற்பார்வை அமைப்பைக் கலைக்க 2022 இல் முடிவெடுத்தார்கள். செலவு எவ்வளவு எண்ட சண்டை ஓயவில்லை. இதுக்கிடையில் ஒரு வேலை மட்டும் சத்தமில்லாமல் நடந்திருக்கு. பாராளுமன்றம் கூடாத நாட்களில் ஆட்கள் உள்ளே போய், தரைப்பலகையைக் கிளப்பி, சுவரில் ஓட்டை போட்டு, நிலத்தில் துளையிட்டு, என்ன இருக்குது எண்டு பார்த்துக் குறித்துக்கொண்டு வருகிறார்கள்.